தூத்துக்குடி முத்துக்கும் உங்கள் முன்பல்லுக்கும் என்ன உறவு, தெரியுமா?

கடற்சிப்பியின் ஓட்டைப் பல் வடிவத்தில் செதுக்கி, உயிரோடிருந்த ஒருவரின் தாடையில் நட்டார்கள். அது எலும்போடு ஒட்டிக்கொண்டு நிஜப் பல்லாகவே நின்றது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பு! நம்ப முடிகிறதா?

மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் 1931-இல் ஒரு கீழ்த்தாடை எலும்பு கிடைத்தது. மாயா நாகரிகத்தைச் சேர்ந்தது, கி.பி. 600 வாக்கிலானது. கீழ்வரிசையில் முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சிப்பித் துண்டுகள் இருந்தன. இறந்தவருக்குச் சடங்காகச் செருகியிருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1970-இல் பிரேசில் நாட்டுப் பல் மருத்துவர் அமதேயோ பாபியோ அந்தத் தாடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இரண்டு துண்டுகளைச் சுற்றிக் கெட்டியான எலும்பு வளர்ந்திருந்தது! பிணத்தில் எலும்பு வளராது. ஆள் உயிரோடிருக்கும்போதே நட்டிருக்கிறார்கள்.

சிப்பி என்றதும் தூத்துக்குடிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாமா? கொற்கை காலத்திலிருந்து நம் கடலடிப் பார்களில் விளைந்த செல்வம் ஆயிற்றே! முத்தும், முத்துச்சிப்பியின் உட்புறத்தில் மின்னும் பூச்சும் ஒரே பொருள்தான். சுண்ணாம்புப் படிகத் தகடுகளும் அவற்றை ஒட்டவைக்கும் புரதப் பசையும் மாறி மாறி அடுக்கியது. 1990-களின் தொடக்கத்தில் பிரான்சில் எவ்லின் லோபெஸ் என்ற ஆய்வாளரின் குழு, மனித எலும்பு செல்களை முத்துச்சிப்பிப் பூச்சின் பக்கத்தில் வளரவிட்டுப் பார்த்தது. அந்தச் செல்கள் அங்கே புது எலும்பைக் கட்ட ஆரம்பித்தன!

சரி, பல்லுக்குக் கம்பி போடுவதற்கும் அடிபட்ட பல்லுக்கு வைத்தியம் பார்ப்பதற்கும் முத்து எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? நேராக வேப்பலோடைக்கு வாருங்கள்.

முத்தை உண்டாக்குவது மணல் அல்ல, தெரியுமா?

சிப்பிக்குள் மணல் துகள் விழுந்தால் முத்தாகிவிடும் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அப்படியானால் மணலில் கிடக்கும் சிப்பி எல்லாவற்றிலும் முத்து இருக்க வேண்டுமே! முத்தை உண்மையில் உண்டாக்குவது எது என்பதை வேப்பலோடைக் கதை சொல்லும். 1961-க்குப் பிறகு மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோனது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்தை வளர்த்தே எடுப்பது என்று இறங்கினார்கள். கே. அழகர்சாமி என்ற விஞ்ஞானியின் முயற்சியில், 1973-இல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்து கிடைத்தது.

அதைச் செய்த விதத்தைக் கேளுங்கள். ஒரு சிப்பியின் உடலை மூடியிருக்கும் மெல்லிய சதைப் போர்வையிலிருந்து சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துணுக்கை வெட்டுவார்கள். இன்னொரு சிப்பியின் உடலைக் கீறி, ஒரு சிறு மணியையும் அந்தத் துணுக்கையும் ஒட்டினாற்போல் உள்ளே வைப்பார்கள். அந்தத் துணுக்கின் உயிருள்ள செல்கள் பெருகி, மணியைச் சுற்றிப் பையாக மூடி, அடுக்கடுக்காக முத்துப் பூச்சைப் பூசும். மணி சும்மா கிடக்கும். வேலை எல்லாம் அந்தத் துளியூண்டு சதைக்குத்தான். அது செத்துவிட்டால் மணி மணியாகவே கிடக்கும், முத்து கிடையாது.

பல்லிலும் இதே கதைதான்! பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். வேர்ச்சவ்வு என்று வைத்துக்கொள்வோம். பல் எலும்பில் நேரடியாகப் பதிந்து நிற்கிறது என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை. இந்தச் சவ்வின் ஆயிரக்கணக்கான நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கம்பி போட்டுப் பல்லை நகர்த்துவதும், அடிபட்டு விழுந்த பல் மறுபடி ஒட்டுவதும், சீழ் பிடித்த பல் பிழைப்பதும் எல்லாமே கடைசியில் இந்தச் சவ்வின் கையில்தான்.

கம்பி பல்லை இழுப்பதில்லை, எலும்பைத் தின்ன வைக்கிறது!

தெத்துப்பல்லுக்கு மருத்துவர் கம்பி மாட்டுகிறார். கம்பி பல்லை மெல்லச் சாய்க்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தில் சவ்வு நசுங்கும். உடனே எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வந்து சேரும். எதிர்ப்பக்கத்தில் சவ்வு இழுபடும். அங்கே எலும்பைக் கட்டும் செல்கள் வேலையைத் தொடங்கும். முன்னால் கரைந்து, பின்னால் கட்டி, பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் தாடைக்குள் பயணம் போகிறது. 1904-இலேயே ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பல்லை நகர்த்தி, நுண்ணோக்கியில் இதைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

இதற்கு எவ்வளவு விசை வேண்டும்? ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் போதும். பல்லை உள்நோக்கி அமுக்க வெறும் 10 முதல் 20 கிராம்! அதிக விசை கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பது தப்பு. சவ்வு நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுவிடும், பல் அசையாது, வேர்தான் கரையும். “டாக்டர், கொஞ்சம் இறுக்கி விடுங்க, சீக்கிரம் முடியட்டும்” என்று கேட்கும் அம்மாக்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

நரம்பு எடுத்த பல்லும் நகரும், தெரியுமா?

வேர் சிகிச்சை செய்த பல் செத்த பல், அதற்குக் கம்பி போட முடியாது என்று எத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்! ரூட் கெனாலில் எடுப்பது பல்லின் உள்ளே இருக்கும் பல்கூழை. நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த அந்தச் சதை போன பிறகும், வெளியே வேரைச் சுற்றியிருக்கும் சவ்வு முழு உயிரோடு இருக்கிறது. பல்லை நகர்த்துவது சவ்வுதானே! அதனால் நன்றாக வேர் சிகிச்சை செய்த பல், பக்கத்துப் பல்லைப் போலவே நகரும். 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கம்பி போட்டவர்களின் வேர் சிகிச்சை செய்த முன்பல்லையும் அதே வாயில் இருந்த நல்ல முன்பல்லையும் ஒப்பிட்டார்கள். வேர் நுனி அதிகம் கரைந்தது எதில் தெரியுமா? நல்ல பல்லில்தான்!

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே கிருமி இருக்கக் கூடாது.

1965-இல் அமெரிக்காவில் ககேஹாஷி என்ற ஆய்வாளரும் தோழர்களும் ஒரு சோதனை செய்தார்கள். எலிகளின் கடைவாய்ப்பல்லில் துளை போட்டு, பல்கூழைத் திறந்தபடி விட்டார்கள். சாதாரண எலிகளுக்குச் சீழ் பிடித்துப் பல்கூழ் செத்தது. கிருமியே இல்லாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கு? துளை வழியாகச் சோறும் குப்பையும் உள்ளே போயும்கூட, பல்கூழ் சாகவில்லை. திறந்த காயத்தை மூட, அடியில் டென்டின் என்ற பல்லின் உள்பொருளால் புதுப் பாலம் கட்டிக்கொண்டது! பல்லைக் கொல்வது துளை இல்லை, கிருமிதான்.

வேர் நுனியில் சீழ் இருக்கும்போது அங்கே ஏற்கெனவே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அதன்மேல் கம்பியின் விசையும் சேர்ந்தால், எலும்பைத் தின்னும் செல்கள் வேரையும் தின்ன ஆரம்பிக்கும். ஆகவே முதலில் கிருமியை ஒழி, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடை, வலியும் வீக்கமும் அடங்கியதை உறுதி செய், பிறகு நகர்த்து. கம்பி போட்ட பாதியில் சீழ் பிடித்தாலும் அதே வரிசைதான். அந்தப் பல்லின்மேல் விசையை நிறுத்திவிட்டு, வேர் சிகிச்சை செய்துவிட்டுத் தொடர வேண்டும்.

அதற்காக மாட்டிய கிளிப்பை எல்லாம் கழற்ற வேண்டுமா? முன்பல் என்றால் பெரும்பாலும் வேண்டாம்! கிளிப் ஒட்டியிருப்பது பல்லின் முன்புறத்தில். வேர் சிகிச்சைக்கான துளையை மருத்துவர் போடுவது பின்புறத்தில், நாக்கு படும் பக்கத்தில். கம்பியை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய ரப்பர் விரிப்பைப் பல்லில் மாட்டி, சின்னக் கண்ணாடியில் பார்த்தபடியே உள்ளே போவார். முன்னால் நின்று பார்ப்பவருக்கு அந்தப் பல்லில் ஏதாவது நடந்ததாகவே தெரியாது.

ஏவுகணை ஆய்விலிருந்து வேர்க்குழாய்க்குள்!

இது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1959 வாக்கில் அமெரிக்கக் கப்பற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்ற உலோகவியலாளர், ஏவுகணை மூக்குக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலும் டைட்டானியமும் கலந்த ஒரு கலவை அவர் கையில் சிக்கியது. வளைத்தால் வளையும், சூடு பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும்! 1970-களின் தொடக்கத்தில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதைப் பல் கம்பியாக்கினார். கோணல்மாணலான பல்வரிசையில் நெளிந்து உட்கார்ந்து, தன் பழைய வளைவுக்குத் திரும்பத் துடித்தபடியே, மாதக்கணக்கில் மென்மையாக இழுக்கும் கம்பி.

அதோடு முடிந்ததா? 1988-இல் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் என்ற மூவர், கம்பி போடும் மருத்துவரிடம் இருக்கும் அதே கம்பியை எடுத்தார்கள். அதில் பள்ளம் வெட்டி வேர்க்குழாயைச் சுரண்டும் அரமாக்கிப் பார்த்தார்கள். எஃகு அரம் வளைந்த வேரில் முரண்டு பிடிக்கும். இதுவோ வேரின் வளைவோடு சேர்ந்து வளைந்து போனது! இன்று உலகமெங்கும் ரூட் கெனால் அரங்கள் இந்தக் கலவையில்தான் பெரும்பாலும் செய்யப்படுகின்றன. பல்லை நேராக்கும் கம்பியும் பல்லைக் காப்பாற்றும் அரமும் ஒரே உலோகத்தில் பிறந்தவை. அந்த டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட், நம் சாத்தான்குளம் பக்கத்துச் செந்தேரி மணலில் கலந்து கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வேர்க்குழாயை அடைக்கும் கட்டாபெர்ச்சாவுக்கும் கடலுக்கும்கூட உறவு உண்டு. மலேயாக் காட்டு மரத்தின் பால் அது. 1851-இல் இங்கிலீஷ் கால்வாயின் அடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உப்புநீர் புகாத உறையாக இருந்ததும் அதுதான். 1867-இல் பல்லுக்குள் வந்தது. வேர் நுனி ஓட்டை பெரிதாக இருந்தால் அடைக்கப் பயன்படும் எம்.டி.ஏ. என்ற பொருளோ, அடிப்படையில் வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமென்ட் வகை!

கடலுக்கடியில் பல் வலிப்பது ஏன்?

திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காலத்தில் காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கிக் குதித்தார்கள். இன்று படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் காற்றுக்குழாயைப் பல்லால் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். பல்தான் பிடிமானம்!

10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு முறை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 10 மீட்டரில் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. சொத்தைக்குள்ளோ, சரியாக ஒட்டாத அடைப்புக்கு அடியிலோ காற்று சிக்கியிருந்தால், அது இறங்கும்போது சுருங்கும், ஏறும்போது விரியும். உள்ளே வீங்கிக் கிடக்கும் பல்கூழ் உயிர்போகிற வலி கொடுக்கும். கரையில் ஒரு தொந்தரவும் தராத பல் ஆழத்தில் கத்துவது இதனால்தான். இரண்டாம் உலகப்போரில் உயரப் பறந்த விமானிகளுக்கும் இதே வலி வந்தது. வேர் சிகிச்சை பாதியில் இருக்கும்போது, தற்காலிக அடைப்போடு கடலுக்குள் இறங்கவே கூடாது. சங்கு குளிக்கும் அண்ணன்மார்களே, ஆழத்தில் வலித்த பல்லைக் கரையில் வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்!

விழுந்த பல்லை என்ன செய்வீர்கள்?

கடற்கரையில் கிரிக்கெட். பந்து நேராக முகத்துக்கு வருகிறது. பத்து வயதுப் பையனின் மேல் முன்பல் வேரோடு கழன்று மணலில் கிடக்கிறது. பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? கைக்குட்டையில் சுற்றிப் பையில் போடுகிறார்கள், அல்லது தூக்கி எறிகிறார்கள். ஐயோ! வேரில் ஒட்டியிருக்கும் சவ்வு செல்கள் அந்த நிமிடம் இன்னும் உயிரோடிருக்கின்றன. காய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பல்லை வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். மணல் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் அங்கேயே குழியில் செருகி, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், சூடில்லாத பாக்கெட் பால் கட்டாயம் இருக்கும். பால் கிடைக்காவிட்டால், அடிபட்டவரின் எச்சிலையே ஒரு டம்ளரில் துப்பி அதில் பல்லைப் போடலாம். வெறும் தண்ணீர் நல்லதல்ல, ஆனாலும் காயவிடுவதைவிட அது மேல். பால்பல் என்றால் மட்டும் திரும்ப நடக் கூடாது, அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்குக் கெடுதல்.

நம் ஊர் இளநீர்? சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியில் வி. கோபிகிருஷ்ணாவும் குழுவினரும் 2008-இல் இதையே சோதித்தார்கள். அவர்கள் ஆய்வகத்தில் சவ்வு செல்களைப் பாலைவிட இளநீர் நன்றாகக் காத்தது! பின்னால் வேறு நாட்டில் வந்த ஆய்வு இதை ஒப்புக்கொள்ளவில்லை, இளநீரின் அமிலத்தன்மையும் ஒரு குறைதான். அதனால் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல் பாலைத்தான் சொல்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டது நம் சென்னை என்பதில் எனக்குப் பெருமை.

மருத்துவமனையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மருத்துவர் பல்லைக் குழியில் வைத்து விரலால் மெல்ல அமுக்குகிறார். 0.4 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காத ஒரு கம்பியை வெட்டி, பல்வரிசையின் வளைவுக்கு விரலாலேயே வளைக்கிறார். விழுந்த பல்லிலும் இருபுறத்துப் பல்லிலும் வெள்ளைப் பசையை ஒரு பொட்டு வைத்து, கம்பியை அதில் படுக்கவைத்து, நீல விளக்கைக் காட்டுகிறார். கெட்டியாகிவிட்டது. இழுக்கும் வேலைக்குப் பிறந்த கம்பி இங்கே காயத்துக்குக் கட்டுப் போடுகிறது! மெல்லிய கம்பி எதற்கு? பல் லேசாக ஆட வேண்டும். அசையாமல் இறுக்கிக் கட்டினால் சவ்வுக்குப் பதில் எலும்பு வந்து வேரோடு ஒட்டிவிடும். இரண்டு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். வேர் முழுதாக வளர்ந்த பல் என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் தொடங்கிவிட வேண்டும்.

பல்லுக்கு நாடி பார்த்தவர்கள்!

அடிபட்ட பல்லைக் குளிரூட்டிப் பார்க்கிறார்கள், மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். பதில் இல்லை. செத்துவிட்டதா? அவசரப்படாதீர்கள்! அடியின் அதிர்ச்சியில் நரம்பு மயங்கியிருக்கும், ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதைப் பல்லுக்கு ஏற்ற மாதிரி அமைத்தது அதே கோபிகிருஷ்ணா குழு, 2007-இல். புதிதாக அடிபட்ட பற்களில் முதல் நாள் குளிர், மின்சாரச் சோதனைக்கு ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் ஏறக்குறைய எல்லாமே சொல்லின. ஆக்ஸிமீட்டரோ முதல் நாளிலிருந்தே ‘உயிர் இருக்கிறது’ என்று காட்டிக்கொண்டிருந்தது! அவசரப்பட்டு நரம்பை எடுத்திருந்தால்? கம்பி மாட்டியிருக்கும் பல்லும் இந்தச் சோதனைகளுக்குத் தாறுமாறாகப் பதில் சொல்லும். ஒரு நாள் சோதனையை மட்டும் நம்பிப் பல்லைச் செத்ததாக எழுதிவிடக் கூடாது.

சில பல் அடிபட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகும். பல்கூழ் உள்ளே டென்டினைப் பூசிப் பூசித் தன் அறையையே மூடிக்கொள்வதால் வரும் நிறம் அது. வலியோ சீழோ இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் அப்படிப்பட்ட பல்லைக் கம்பியால் உள்நோக்கி அமுக்கினால் பல்கூழ் சாகும் ஆபத்து அதிகம். கம்பி போடுபவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

உடைந்த பல்லை வெளியே இழுக்கலாம், தெரியுமா?

மேல் முன்பல் ஈறுக்குள்ளே உடைந்துவிட்டது. மூடி போடப் பிடிமானம் இல்லை. பிடுங்கத்தான் வேண்டுமா? வேர் நீளமாக இருந்தால் வேண்டாம். முதலில் வேர் சிகிச்சை. பிறகு மிஞ்சிய வேரில் ஒரு கொக்கியை ஒட்டி, பக்கத்துப் பற்களில் போட்ட கம்பியால் சில வாரங்கள் மெல்லக் கீழ்நோக்கி இழுத்தால் (மேல்பல் ஆயிற்றே), புதைந்து கிடந்த வேர் வெளியே வரும்! ஆஸ்திரேலியாவின் ஹெய்தர்சே 1973-இல் இதை எழுதினார். வேர் வரும்போது சவ்வின் இழுப்பில் எலும்பும் ஈறும்கூடக் கூடவே வரும். எலும்பு தேய்ந்த இடத்தில் எலும்பை வளர்க்கவே இந்த வித்தையைச் செய்பவர்கள் உண்டு. அடிபட்டு உள்ளே புதைந்துபோன பல்லையும் இப்படித்தான் சில சமயம் மீட்கிறார்கள்.

மீட்க முடியாத பல் எது? சவ்வு செத்து, வேர் எலும்போடு நேராக ஒட்டிய பல். தட்டினால் உலோகம் போல ‘டிங்’ என்று ஒலிக்கும். எந்தக் கம்பியாலும் அது அசையாது. வளரும் பிள்ளையின் தாடை வளர வளர, அது மட்டும் பழைய இடத்திலேயே நின்று, பள்ளத்தில் கிடப்பதுபோல் தெரியும்.

அப்படி முன்பல்லை இழந்த பிள்ளைக்கு, அதே வாயின் பின்னால் வளர்ந்துகொண்டிருக்கும் முன்கடைவாய்ப்பல் ஒன்றைச் சவ்வோடு எடுத்து முன்னால் நட முடியும்! கோபன்ஹேகனின் யென்ஸ் ஆண்ட்ரியாசன் 370 முன்கடைவாய்ப்பற்களை இடம் மாற்றி நட்டதைப் பின்தொடர்ந்து, 1990-இல் முடிவுகளை வெளியிட்டார். (பல் கம்பிக்கு ஒரு ஆண்ட்ரியாசன், அடிபட்ட பல்லுக்கு ஒரு ஆண்ட்ரியாசன். வேறு வேறு ஆள், வேறு வேறு நாடு!) அறுவை மருத்துவர் நடுவார், கம்பி மருத்துவர் இடைவெளியைச் சரிசெய்வார், வேறொருவர் அதை முன்பல் போலத் திருத்துவார். சவ்வு உயிரோடு போனால் நட்ட பல் வேர் விட்டு வளரும். வேப்பலோடையில் துணுக்கு உயிரோடு போனால் முத்து விளைந்தது போலவே!

பிள்ளைகளின் ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லைப் பற்றியும் ஒரு சொல். நிரந்தரப் பற்களில் முதலில் முளைத்து முதலில் சொத்தையாகும் பல் பெரும்பாலும் அதுதான். காப்பாற்றவே முடியாது என்ற நிலையில், எட்டு முதல் பத்து வயதுக்குள் சரியான சமயம் பார்த்து எடுத்தால், பின்னால் முளைக்க வேண்டிய இரண்டாம் கடைவாய்ப்பல் தானாகவே அந்த இடத்துக்கு நகர்ந்து வந்து நிற்கும். அந்தச் சமயம் எது என்று சொல்ல வேண்டியவர் கம்பி மருத்துவர்.

எத்துப்பல்லைப் பற்றி ஒன்று தெரியுமா? மேல் முன்பற்கள் 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் நீண்டிருந்தால் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. உலகில் இன்று உயிரோடிருப்பவர்களில் நூறு கோடிப் பேருக்கு மேல் பல்லில் அடிபட்டிருக்கும் என்று 2018-இல் ஒரு கணக்கு வந்தது. பிள்ளைக்குக் கம்பி போடுவது அழகுக்கு மட்டும் என்று யார் சொன்னது? கம்பி போட்டிருக்கும்போது கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கடிக்காதீர்கள், கிளிப் பெயர்ந்துவிடும். மக்ரூன் தின்றால் உடனே வாய் கொப்பளியுங்கள். கிளிப்பைச் சுற்றித் தங்கும் சர்க்கரைதான் அடுத்த சொத்தை.

அடிபட்ட எத்தனை நாளில் கம்பி போடலாம்? வேர் நுனி எக்ஸ்ரேயையும் சவ்வின் நிலையையும் பார்த்து மருத்துவரே முடிவு செய்வார். பொதுவான கணக்கு இது. லேசாக அடிபட்டு ஆடிய பல், முனை உடைந்த பல் என்றால் மூன்று மாதம். இடம் பெயர்ந்த பல், விழுந்து மீண்டும் நட்ட பல் என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். வேரே உடைந்த பல் என்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கம்பி போட்ட பிறகும் அந்தப் பல்லுக்கு மட்டும் ஆறேழு மாதத்தில் ஓர் எக்ஸ்ரே எடுத்து, வேர் கரைகிறதா என்று பார்ப்பார்கள்.

இவ்வளவுக்கும் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் சைக்கிளில் இருந்து விழுந்ததும், நாலு நாள் பல் ஆடிப் பிறகு சரியானதும் எக்ஸ்ரேயில் எப்போதும் தெரியாது. கம்பி போடப் போகும் முதல் நாளிலேயே, கேட்காவிட்டாலும், பழைய அடியையும் பழைய ரூட் கெனாலையும் சொல்லிவிடுங்கள். கம்பி மருத்துவரும் வேர் சிகிச்சை மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசச் சொல்லுங்கள். பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர்களே, ‘விழுந்த பல்லைப் பாலில் போடு’ என்ற ஒரு வரியை முதலுதவிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள்.